மலை ஏறத் தேவையில்லை: கப்பல்துறையிலிருந்து பஸ்ஸில் போய் நடக்கக்கூடிய கங்கைக்கரைகள்

இலங்கையில் நடைபயணம் என்று சொன்னால் எல்லோருக்கும் மலைதான் நினைவுக்கு வருகிறது. சிவனொளிபாதமலை, எல்ல, நக்கிள்ஸ், ஹோட்டன் சமவெளி. அண்மைக் காலத்தில் தேயிலைத் தோட்டங்கள் ஊடாக 300 கிலோமீற்றருக்கும் மேல் நீளும் பெக்கோ ட்ரெயில் 22 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு உலகமெங்கும் விளம்பரம் பெற்றிருக்கிறது. கிழக்கின் சமதரையை யாரும் நடக்கும் இடமாகக் கணக்கில் எடுப்பதில்லை. வயலும் வாய்க்காலும் வாவியும் பஸ் யன்னலால் பார்த்துவிட்டுப் போகும் காட்சிகளாகவே இருக்கின்றன.

திருகோணமலை – கண்டி வீதியில் இருக்கும் கப்பல்துறையை எடுத்துக்கொள்வோம். கொழும்புக்கும் கண்டிக்கும் போகும் பஸ்கள் இந்த ஊரைத் தாண்டித்தான் போகின்றன. ஆனால் இந்த ஊரிலிருந்து ஒன்று அல்லது இரண்டு பஸ் ஏறினால் நாட்டின் மிக நீளமான ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்துக்குப் போய்ச் சேரலாம். அங்கே நடக்க வழிகாட்டியோ விசேட சப்பாத்தோ மலையேறிப் பழகிய கால்களோ தேவையில்லை. ஒரு தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் அதிகாலையில் எழும்பும் மனமும் போதும். கூடவே, எங்கே இறங்குவது, எப்போது போவது, யாரிடம் கேட்டுவிட்டு நடப்பது என்ற அறிவும் வேண்டும்.

இந்தத் தரை ஏன் இவ்வளவு சமமாக இருக்கிறது?

மத்திய மலைநாட்டில் தொடங்கும் மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிக் கொட்டியார் குடாவில் கடலைச் சேர்கிறது. மனம்பிட்டியைத் தாண்டியபின் ஆற்றுக்கு இறங்குவதற்குச் சரிவு அதிகம் இல்லை. வேகம் குறைந்த தண்ணீர் சுமந்துவந்த மண்ணை இறக்கிவிட்டுப் பிரிந்து பிரிந்து ஓடுகிறது. ஒரு கிளை வெருகல் ஆறாகத் தெற்கே விலகிக் கடலுக்குப் போகிறது. மற்றது கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் நடுவில் குடாவில் விழுகிறது. பல நூற்றாண்டுகளாக இறங்கிய வண்டல்தான் இன்றைய வயல்வெளி.

இதைப் புரிந்துகொள்ள ஊர்ப் பெயர்களே போதும். உப்பாறு என்றால் கடல்நீர் ஏறி உப்புக் கரிக்கும் ஆறு. இறால்குழி, வெள்ளைமணல், கண்டல்காடு, ஈச்சந்தீவு என்று ஒவ்வொரு பெயரும் அந்த இடத்தின் மண்ணையோ மரத்தையோ உயிரினத்தையோ சொல்கிறது. மகாவலியை இந்தப் பக்கத்தில் கங்கை என்றுதான் சொல்கிறார்கள்; மூதூர் வீதியில் அதைக் கடக்கும் பாலமும் கங்கைப் பாலம்தான்.

மேலே இவ்வளவு சமமான தரை. கீழே, கொட்டியார் குடாவை அண்டிய கடலடியில், உலகின் பெரிய கடலடிப் பள்ளத்தாக்குகளில் ஒன்று தொடங்குகிறது. கரையில் நின்று பார்த்தால் அதற்கான அடையாளம் எதுவும் தெரியாது.

எங்கே இறங்குவது?

*தம்பலகாமம்.* கப்பல்துறையிலிருந்து கந்தளாய்ப் பக்கம் போகும் எந்த பஸ்ஸிலும் ஏறி, தம்பலகாமம் சந்தியில் இறக்கிவிடச் சொல்லலாம். நடந்து பழகாதவர்கள் தொடங்குவதற்கு மிகச் சுலபமான இடம் இதுதான். சந்தியிலிருந்து ஆதிகோணேசுவரர் கோயிலுக்குப் போகும் வழியில் இரு பக்கமும் வயல். 1622இல் போர்த்துக்கேயர் திருக்கோணேசுவரத்தை இடித்தபோது காப்பாற்றப்பட்ட விக்கிரகங்கள் பின்னர் இங்கே வந்து சேர்ந்தன என்பது ஊர் மரபு. கோயில் மட்டில் போய் வேறு பக்கத்தால் திரும்பினால் ஒரு காலைப்பொழுதுக்குப் போதுமான நடை. ரயிலில் வருகிறவர்களுக்குத் தம்பலகாமத்தில் நிலையமும் இருக்கிறது.

இந்த வயல்களுக்குத் தண்ணீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது. வாய்க்கால் ஓரமாக நடந்தால், தண்ணீரை யார் எப்போது திறக்கிறார்கள், எந்த மதகில் பிரிக்கிறார்கள், கடைசி வயலுக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்பதையெல்லாம் கண்ணால் காணலாம். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் அந்தக் குளத்தின் கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கீழேயுள்ள ஊர்களுக்குக் குளத்தின் கட்டு எவ்வளவு பெரிய விடயம் என்பது அதிலிருந்து விளங்கும்.

*கிண்ணியாப் பாலம்.* சீனக்குடாவில் மாறி, கிண்ணியா அல்லது மூதூர் பஸ்ஸில் வெள்ளைமணல் பக்கம் இறங்குங்கள். பாலத்தை நடந்தே கடக்கலாம். நீளம் 396 மீற்றர். சவூதி அரேபியாவின் நிதியுதவியோடு கட்டப்பட்டு 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டபோது நாட்டின் மிக நீளமான பாலம் இதுவே. ஒரு பக்கம் கொட்டியார் குடா. மறுபக்கம் ஆழம் குறைந்த தம்பலகாமக் குடா. மெல்லிய தகடு போன்ற ஓடுள்ள யன்னல் சிப்பிக்கும் அதன் சிறு முத்துக்கும் ஒரு காலத்தில் பெயர்பெற்றது. பாலம் முடிந்ததும் கிண்ணியா நகரம். தேநீர்க் கடைகளும் சட்டித் தயிரும் கிடைக்கும் என்பதால் சாப்பாடு கட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை.

*உப்பாறு, கங்கை, இறால்குழி.* கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் நடுவில் வீதி மூன்று நீர்வழிகளைக் கடக்கிறது. ஒரு பாலத்தடியில் இறங்கி, அடுத்த பாலம் வரை நடந்து, அங்கிருந்து பஸ் பிடிப்பது நல்ல முறை. களைத்தால் எந்த இடத்திலும் கையைக் காட்டி ஏறலாம். கண்டல் மரங்கள், வலை வீசும் தோணிகள், கொக்கு, நாரை, நீர்க்காகம் எல்லாம் வீதியிலிருந்தே தெரியும். மூதூரில் முடிப்பவர்கள் வெள்ளைக்காரன் மர நினைவுக்கல்லைத் தேடிப் பார்க்கலாம். 1660இல் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட இடம் என்று 1893இல் அந்தக் கல்லை நட்டார்கள். அவர் 19 வருடங்களின் பின் தப்பி, 1681இல் வெளியிட்ட நூல் அன்றைய இலங்கையைப் பற்றிய முக்கியமான சாட்சியம்.

*வெருகல்.* மட்டக்களப்பு பஸ்ஸில் போக வேண்டும். ஆற்றங்கரையில் சித்திரவேலாயுத சுவாமி கோயில். யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் போகும் பாதயாத்திரிகர்கள் தங்கிச் செல்லும் இடம் இது. அதற்கு மேற்கே சேருவில விகாரையிலிருந்து மகாவலியை ஒட்டிச் சிவனொளிபாதமலைக்குப் போகும் பழைய யாத்திரை வழியை, 2010இல் இலங்கை யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தற்காலிகப் பட்டியலில் சேர்த்தது. ஆக, இந்தச் சமதரையில் நடப்பது புதிதாக இறக்குமதி செய்த பழக்கம் இல்லை. இங்கே நடப்பதுதான் முதலில் இருந்தது. பஸ் பிறகு வந்தது.

பாதை என்றால் மிதவையும்தான்

கிழக்கில் 'பாதை' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். நடக்கும் வழியும் பாதை. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி ஆற்றைக் கடத்தும் மிதவையும் பாதை. போர் முடியும்வரை திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குக் கரையோரமாகப் போவதென்றால் ஒன்றன்பின் ஒன்றாகப் பாதை மாற வேண்டும். ஒவ்வொரு துறையிலும் காத்திருப்பு. போர்க்காலத்தில் அதோடு சோதனையும் சேர்ந்தது. இப்போது பாலங்களால் அந்தத் தூரம் ஒரே பஸ் பயணமாகிவிட்டது.

ஆனால் எல்லா இடத்திலும் பாலம் ஒரே நேரத்தில் வரவில்லை. 2021 நவம்பர் 23ஆம் திகதி, குறிஞ்சாக்கேணியில் புதிய பாலத்துக்கான வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில், மாற்றாக ஓடிய மிதப்புப் பாதை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே இறந்தார்கள். பொழுதுபோக்காக நடக்க வருகிறவர் நினைவில் வைக்க வேண்டிய விடயம் இது. நமக்கு அழகான நீர்க்கரை, அங்கே இருப்பவருக்குப் பாடசாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் நிற்கும் தடை. சிறு தோணியில் அக்கரைக்கு ஏற்றிவிடுகிறேன் என்று யாராவது அன்பாகக் கூப்பிட்டாலும், உயிர்காப்பு அங்கி இல்லாவிட்டால் ஏறாமல் விடுவது நல்லது.

எப்போது போகலாம்?

ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. அந்தக் காலத்தில் வரம்புகள் சறுக்கும், தாழ்ந்த வீதிகள் மூழ்கும். இங்கே மழை பெய்யாவிட்டாலும் மலைநாட்டில் பெய்த மழை இரண்டொரு நாளில் இங்கே வந்து சேரலாம். நீர்ப்பாசனத் திணைக்களத்தின் வெள்ள அறிவித்தலில் மனம்பிட்டி நீர்மட்டத்தைப் பார்த்தால் முன்கூட்டியே ஓரளவு தெரியும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மகாவலி பெருகி மாவிலாற்றுக் கட்டு உடைந்தபோது மூதூர், வெருகல், சேருவிலப் பகுதி மக்கள் வெள்ளத்தில் அகப்பட்டார்கள்.

பெப்ரவரி, மார்ச் மாதங்கள் நடக்க மிக வசதியானவை. மழை விட்டிருக்கும், பெரும்போக அறுவடை நடக்கும், வெயிலும் முழுக்க ஏறியிருக்காது. மே தொடக்கம் கச்சான் காற்று அடிக்கும். சூடான, உலர்ந்த காற்று. சமதரையில் நிழல் குறைவு என்பதால் காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முன் முடிக்க வேண்டும். மாலை நடை தவறில்லை. ஆனால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று போகும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

யாருடைய வரம்பு?

மலைப்பாதையில் போகிறவரை யாரும் எதற்கென்று கேட்பதில்லை. வயல் வரம்பில் போகிறவரைக் கட்டாயம் கேட்பார்கள். கேட்பதற்குக் காரணமும் உண்டு. 2006 ஜூலையில் விடுதலைப் புலிகள் மாவிலாற்று மதகை மூடியதை அடுத்து இங்கேதான் இறுதிப் போர் தொடங்கியது. ஆகஸ்டில் மூதூர் மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்தார்கள். திரும்பி வந்தவர்களில் பலருக்குக் காணிப் பிரச்சினை முடியவில்லை. வன இலாகா எல்லைக்கல் நட்டது, 2020இல் கிழக்குத் தொல்லியலுக்கென்று ஜனாதிபதி செயலணி அமைந்தது, அளவையாளர்கள் வந்துபோனார்கள். இவ்வளவுக்கும் பிறகு, கமெராவோடு வரம்பில் நடக்கும் அந்நியரை ஒரு விவசாயி சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். தமிழ், முஸ்லிம், சிங்கள ஊர்கள் மூன்றிலும் இந்தப் பயம் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது.

அதனால் நீங்களே முந்திக்கொண்டு பேசுங்கள். ஐயா, அம்மா, அண்ணன், கிண்ணியா – மூதூர்ப் பக்கத்தில் நானா, காக்கா என்று வயதுக்கேற்பக் கூப்பிட்டு, எந்த ஊர், எதற்காக நடக்கிறோம் என்று சொன்னால் போதும். பெரும்பாலும் அடுத்த வழியை அவர்களே காட்டுவார்கள். விதைத்த வயலுக்குள் குறுக்கே இறங்கக்கூடாது. புது வரம்பில் ஒரே இடத்தில் பலர் மிதித்தால் அது உடைந்து தண்ணீர் வெளியேறும். கட்டியவருக்கு அது ஒரு நாள் வேலை. ஆட்களைப் படமெடுக்குமுன் கேளுங்கள். சீனக்குடா விமானப்படைத் தளத்தையும் கடற்படை முகாம்களையும் படமெடுக்கவே வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை

கந்தளாய், சேருவில, வெருகல் பக்கங்களில் யானை நடமாட்டம் உண்டு. விடிவதற்கு முன்னும் பொழுதுபட்ட பின்னும் காட்டோர வழிகளில் நடக்காதீர்கள். புதிய யானைச் சாணமோ முறிந்த கிளையோ கண்டால் வந்த வழியே திரும்புங்கள். கங்கையிலும் வாய்க்கால்களிலும் முதலை இருப்பதால், கால் கழுவ இறங்குமுன் ஊரார் எங்கே இறங்குகிறார்கள் என்று பாருங்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை எவ்வளவு பழையதாக இருந்தாலும் அதைத் தாண்டக்கூடாது. பழகிய தடத்தை விட்டு விலகாமல் இருப்பதே இங்கே முதல் விதி.

பெண்கள் தனியாகப் போகலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். இரண்டு மூன்று பேராகப் போவதைத்தான் நான் சொல்வேன். முதல் தடவை கோயில் வழி, பாலம், பஸ் ஓடும் வீதி போன்ற ஆள்நடமாட்டமுள்ள இடங்களைத் தெரிவுசெய்யுங்கள். காலையில் பாடசாலைப் பிள்ளைகளும் வயலுக்குப் போகும் பெண்களும் இந்த வழிகளில்தான் நடக்கிறார்கள். அந்த நேரத்தில் நடந்தால் நாமும் அவர்களோடு ஒருவராகிவிடுவோம்.

முப்பதுகளில் இருக்கும் என் தலைமுறைக்கு மூதூர், வெருகல் என்ற பெயர்கள் முதலில் செய்தியில்தான் வந்தன: இடம்பெயர்வு, தாக்குதல், நிவாரணம். இப்போது பாலங்களில் வேகமாகப் போகும் பஸ்ஸிலிருந்து பார்க்கிறோம். அந்த ஊர்களில் யார் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வீட்டிலிருந்து வீதிக்கு எவ்வளவு தூரம் என்பதெல்லாம் இறங்கி நடந்தால்தான் தெரியும். ஒரு வாய்க்கால் மறிக்கப்பட்டாலோ, ஆற்றங்கரை மணலுக்காகத் தோண்டப்பட்டாலோ, பொதுவழி ஒன்றுக்குக் குறுக்கே வேலி வந்தாலோ, முன்பு அந்த வழியால் நடந்தவர்தான் அதைக் கவனித்துக் கேள்வி கேட்பார். அடுத்த ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் தம்பலகாமம் சந்திக்கு ஒரு டிக்கெட் எடுத்தால் தொடங்கிவிடலாம்.