ஆற்றில் போடச் சொன்ன நாவல்

ராசிபுரம் என்றதும் பலருக்கு நெய்தான் நினைவுக்கு வரும். அந்த ஊரின் பெயரை உலகம் எங்கும் கொண்டுபோன இருவரைச் சிலருக்குத்தான் தெரியும்.

ஆர்.கே.நாராயண், ஆங்கிலத்தில் நாவல் எழுதியவர். அவருடைய தம்பி ஆர்.கே.லட்சுமண், கேலிச்சித்திரம் வரைந்தவர். இவர்கள் பெயரில் உள்ள "ஆர்" என்ன தெரியுமா? ராசிபுரம்! "கே" என்பது தந்தையார் கிருஷ்ணசாமி அய்யர்.

இருவரும் ராசிபுரத்தில் வளர்ந்தவர்கள் அல்ல. அது முன்னோர்களின் ஊர். அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1997-ம் ஆண்டு முதல் நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. நாராயண் 1906-ம் ஆண்டு சென்னையில் பிறந்தார். லட்சுமண் 1921-ம் ஆண்டு மைசூரில் பிறந்தார்.

அண்ணன், தம்பி இருவருடைய வேலையையும் பிறர் பார்த்துக் கருத்துச் சொன்னார்கள். ஒருவருக்கு வந்தது உதவி. இன்னொருவருக்கு வந்தது வெறும் மறுப்பு.

சீமைக்குப் போன கட்டு

1930-ம் ஆண்டு, விஜயதசமி நாள். நாராயண் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து நாவல் எழுதத் தொடங்கினார். சாமிநாதன் என்ற பள்ளிச் சிறுவனின் கதை. அவன் வாழும் ஊருக்கு "மால்குடி" என்று பெயர் வைத்தார். அப்படி ஓர் ஊர் எந்த வரைபடத்திலும் கிடையாது.

கதையை எழுதி முடித்தார். சீமையில் உள்ள பதிப்பாளர்களுக்கு அனுப்பினார். போன கட்டு திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினார். மறுபடியும் வந்தது!

அப்போது அவருடைய நண்பர் பூர்ணா, ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டு இருந்தார். கட்டு அவரிடம் போய்ச் சேர்ந்தது. அவரும் பதிப்பாளர்களிடம் முயன்றார். பயன் இல்லை.

நாராயணுக்கு மனம் வெறுத்துவிட்டது. "கட்டில் ஒரு கல்லைக் கட்டித் தேம்ஸ் ஆற்றில் போட்டுவிடு" என்ற கருத்தில் நண்பருக்கு எழுதிவிட்டார்.

பூர்ணா அதை ஆற்றில் போடவில்லை. ஆக்ஸ்போர்டில் ஓர் இளம் எழுத்தாளர் வசித்தார். பெயர் கிரஹாம் கிரீன். அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

கிரீன் என்ன செய்தார்?

கிரீனுக்கு அப்போது வயது 30 இருக்கும். இந்தியாவை அறியாதவர். மைசூர்க்காரருடைய கதையைப் படிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஆனாலும் படித்தார். பிடித்துப் போயிற்று. தாமே பதிப்பாளரிடம் பேசினார். 1935-ம் ஆண்டு ஹாமிஷ் ஹாமில்டன் நிறுவனம் அதை வெளியிட்டது. "சுவாமி அண்ட் பிரண்ட்ஸ்" என்று புத்தகத்துக்குப் புதுப்பெயரும் கிடைத்தது.

கிரீன் புகழ்ந்ததோடு நிற்கவில்லை. ஆங்கிலத்தில் சிறு சிறு திருத்தங்கள் செய்தார். ஆனால் மால்குடி மால்குடியாகவே இருந்தது. சிறுவன் சாமிநாதன் வெள்ளைக்காரப் பையன் ஆகிவிடவில்லை. "இங்குள்ளவர்களுக்குப் புரியாது, மாற்று" என்று சொல்லியிருந்தால் யார் தடுக்கப் போகிறார்கள்? அவர் அப்படிச் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொன்னார். "நாராயணசாமி" என்ற பெயர் நீளமாக இருக்கிறது. நூலகத்துக்கு வரும் கிழவிகளுக்கு நினைவில் நிற்காது. விற்பனை குறையும் என்றார்.

பெயரிலேயே கை வைத்தால் யாருக்கும் கோபம் வரும். நாராயணுக்கு வந்ததோ என்னவோ, "சாமி" போய் "நாராயண்" நின்றது. இதற்குக் காரணம் உண்டு. கிரீன் பெயரைக் கேலி செய்யவில்லை. எதற்காக மாற்ற வேண்டும் என்பதைச் சொன்னார். அது கடைக்காரருடைய கணக்கு. கணக்கு புரிந்தால் கோபம் குறையும்.

முதல் புத்தகம் நன்றாக விற்கவில்லை. அடுத்த நாவல் 1937-லும், மூன்றாவது 1938-லும் வந்தன. மூன்று நாவல்களுக்கும் மூன்று பதிப்பாளர்கள்! ஒவ்வொரு கதவாகத் தட்டியபோதும் கிரீன் கூட இருந்தார். இத்தனைக்கும் இருவரும் அதுவரை நேரில் பார்த்தது இல்லை. எல்லாம் தபால்தான்.

தம்பிக்கு வந்த பதில்

லட்சுமண் சிறுவயதில் வீட்டுச் சுவரிலும் தரையிலும் வரைவார். பள்ளியில் ஒருநாள் ஆசிரியர் ஓர் இலையை வரையச் சொன்னார். லட்சுமண் அரச இலை வரைந்தார். அதைப் பார்த்து ஆசிரியர் பாராட்டினார். அந்தப் பாராட்டை லட்சுமண் கடைசிவரை மறக்கவில்லை.

படிப்பு முடிந்ததும் பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியில் சேர விரும்பினார். தம்முடைய படங்களை அனுப்பினார். பதில் வந்தது. அங்கே சேர்வதற்கு வேண்டிய திறமை அவருடைய படங்களில் இல்லை என்பது அதன் சாரம்.

கோடு கோணலா? நிழல் சரியில்லையா? முகம் அமையவில்லையா? "திறமை இல்லை" என்ற சொல்லில் இதற்கெல்லாம் பதில் இல்லை. அதை வைத்துக்கொண்டு ஒரு பையன் எதைத் திருத்துவான்? படத்தைத் திருத்தலாம். பிறவியைத் திருத்த முடியுமா?

லட்சுமண் வரைவதை நிறுத்தவில்லை. மைசூரில் கல்லூரியில் படித்துக்கொண்டே வரைந்தார். அண்ணனுடைய கதைகளுக்கும் படம் போட்டார். 1947-ம் ஆண்டு "டைம்ஸ் ஆப் இந்தியா" பத்திரிகையில் சேர்ந்தார். கட்டம் போட்ட கோட்டும் வேட்டியும் அணிந்த "சாமானிய மனிதன்" அங்கேதான் புகழ்பெற்றான். பின்னாளில் அதே கலைப் பள்ளி அவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்தது!

ஆனால் எல்லோரும் லட்சுமண் அல்ல. ஒரு வரி மறுப்பைப் படித்துவிட்டுத் தூரிகையைப் பரணில் போட்டவர்கள் எத்தனை பேரோ! அவர்களுடைய கதையை யாரும் எழுதுவது இல்லை.

வாசல் கோலம்

எழுத்தும் ஓவியமும் மட்டும்தானா? மார்கழி மாதம் தெருவில் நடந்து பாருங்கள். புதிதாகக் கோலம் பழகும் பெண் இருப்பாள். "இதுவும் ஒரு கோலமா?" என்று பக்கத்து வீட்டு அக்காள் சிரித்தால், மறுநாள் அந்த வாசலில் வெறும் சாணித் தெளிப்புதான் இருக்கும். "மூன்றாவது வரிசையில் ஒரு புள்ளி விட்டுப்போச்சு, கண்ணு" என்று சொன்னால், மாவுக் கிண்ணத்தோடு திரும்ப உட்காருவாள். இரண்டுமே குறை சொல்வதுதான்.

கதை எழுதுகிறவர்களுக்கும் இப்படி ஒரு வாசல் வேண்டாமா? 1970-ம் ஆண்டு சென்னையில் "இலக்கியச் சிந்தனை" என்ற அமைப்பு தோன்றியது. அந்தந்த மாதம் பத்திரிகைகளில் வந்த சிறுகதைகளை ஒருவர் படிப்பார். அவற்றில் சிறந்தது எது என்று தேர்ந்தெடுப்பார். வேலைக்குப் போய்க்கொண்டே கதை எழுதியவர்கள் பலர் அதில் தங்கள் கதை வருமா என்று காத்திருந்தார்கள். பரிசைவிட, தம் கதையை ஒருவர் முழுதாகப் படித்தார் என்பதே பெரிது.

ராஜு சாவானா?

1956-ம் ஆண்டு நாராயண் லண்டன் போனார். அப்போதுதான் கிரீனை நேரில் பார்த்தார். 20 ஆண்டு நட்புக்குப் பிறகு முதல் சந்திப்பு!

நாராயண் அப்போது ஒரு புதுக்கதையை மனதில் வைத்திருந்தார். ராஜு என்ற ஏமாற்றுக்காரனை ஊர் மக்கள் சாமியார் என்று நம்புகிறார்கள். மழைக்காக அவன் உண்ணாவிரதம் இருக்க நேர்கிறது. கடைசியில் அவன் சாவதா, பிழைப்பதா? நாராயணுக்குக் குழப்பம்.

கதையைக் கேட்ட கிரீன், அவன் சாகத்தான் வேண்டும் என்று உறுதியாகச் சொன்னார்.

நாராயண் அங்கிருந்து அமெரிக்கா போனார். பெர்க்லியில் தங்கி நாவலை எழுதினார். "தி கைடு" என்ற அந்த நாவல் 1958-ல் வெளிவந்தது. 1960-ல் சாகித்ய அகாடமி பரிசு பெற்றது.

அதன் முடிவைப் படித்துப் பாருங்கள். ராஜு ஆற்று நீரில் நிற்கிறான். மலையில் மழை பெய்வதாகச் சொல்லிக்கொண்டே தளர்ந்து சரிகிறான். அத்துடன் நாவல் முடிகிறது. இறந்தானா? ஆசிரியர் சொல்லவில்லை! நண்பர் சொன்னதைக் கேட்டார். ஆனால் தம் வழியில் கேட்டார்.

1965-ல் தேவ் ஆனந்தும் வகீதா ரஹ்மானும் நடிக்க இந்தக் கதை இந்திப் படமாக வந்தது. நாராயண் படக்காரர்களை அழைத்துப்போய், மால்குடிக்குப் பொருத்தமான மைசூர்ப் பக்கத்து இடங்களைக் காட்டினார். அவர்களோ உதயப்பூருக்கும் ஜெய்ப்பூருக்கும் போய்ப் படம் பிடித்தார்கள். கிரீன் தொடாத மால்குடியை அவர்கள் தூக்கிவிட்டார்கள். நாராயணுக்கு வருத்தம். அதைக் கிண்டலாகக் கட்டுரையே எழுதிவிட்டார்.

அந்தப் படத்தில் மழை கொட்டுகிறது. ராஜு இறந்தே போகிறான்.