ஒரு நட்டுக்காக ஒரு போகத்தை இழக்கலாமா?

நீரிறைக்கும் இயந்திரம் ஒன்று நின்றுபோவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. கார்பரேட்டரைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளில் ஒன்று அதிர்வில் கழன்று விழுந்தால் போதும். இடைவெளியால் காற்றுப் புகுந்து, எஞ்சின் திணறி நின்றுவிடும். அந்த நட்டு நகரத்துக் கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். ஆனால் அளவு தெரியாமல் ஒருநாள் போய் வந்து, கொண்டுவந்தது பொருந்தாமல் மறுநாளும் போய் வந்தால், பூத்து நிற்கும் மிளகாய்ச் செடிகள் அதற்குள் என்ன கதியாகும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எமது பகுதி மக்களுக்கு இந்தச் சிக்கல் புதியதல்ல. 1990களில் வாவிக்கு மேற்கே, படுவான்கரைக்கு எரிபொருளோ, மின்கலமோ, உரமோ காவலரண்களைத் தாண்டிக் கொண்டுபோவது பெரும்பாடாக இருந்தது. 2002இன் தொடக்கத்தில்தான் அந்தக் கெடுபிடி தளர்ந்தது. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும் வரை, துறையில் பாதைக்காகக் காத்துக் கிடந்தோம். பின்னர் 2020இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தன. 2022இல் நாட்டில் டொலரே இல்லாமற்போனது. புதிய இயந்திரம் வாங்கும் நினைப்பையே பலர் கைவிட்டு, இருப்பதையே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். ஆகவே உறவினர் வளவில் தங்கியிருப்பவர்களானாலும், 2007க்குப் பிறகு ஊர் திரும்பியவர்களானாலும், கையிலிருக்கும் பழைய இயந்திரத்தைக் காப்பாற்றுவதே நமக்குள்ள வழி.

முதலில் மரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு போல்ட்டுகள் ஒன்றல்ல. 1841இல் ஜோசப் விட்வேர்த் என்ற ஆங்கிலேயர் மரைக்கு ஒரு பொது அளவை முன்வைக்கும் வரை, ஒரு பட்டறையில் செய்த நட்டு மற்றப் பட்டறையின் போல்ட்டில் ஏறாது. இரண்டாம் உலகப் போரில்கூட அமெரிக்கருடைய போல்ட்டும் ஆங்கிலேயருடைய நட்டும் பொருந்தாமல் பெரும் தொல்லை. அதனாலேயே 1948இல் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா ஆகிய மூன்றும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. அந்த அங்குல மரைதான் நம் வட்டைகளில் இன்னும் ஓடும் பழைய மசி பேர்கியூசன் 135 உழவு இயந்திரங்களில் இருக்கிறது. ஆனால் ஜப்பானியக் குபோட்டா போன்ற இயந்திரங்களிலும் இப்போது வரும் நீர்ப்பம்பிகளிலும் இருப்பது மில்லிமீற்றர் மரை.

இங்கேதான் ஆபத்து. அங்குலக் கணக்கில் 5/16 போல்ட்டின் பருமன் 7.94 மி.மீ. மில்லிமீற்றர் கணக்கில் அதற்கு அடுத்திருப்பது 8 மி.மீ. கண்ணால் வேறுபாடு தெரியாது. ஆனால் 8 மி.மீ. போல்ட்டில் ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடையே 1.25 மி.மீ.; 5/16இன் பருமரையில் ஏறத்தாழ 1.41. ஒன்றை மற்றதில் போட்டால் இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். "இறுகிவிட்டது, நல்லதுதான்" என்று சாவியால் மேலும் திருகுவோம். பம்பியின் உடல் அலுமினியம்; உள்மரை உரிந்துபோகும். அதன்பின் சில்லறைக் காசு வேலை, லேத் பட்டறை வேலையாகிவிடும். எனவே கடைக்குப் போகும்போது பழைய போல்ட்டையோ நட்டையோ கையோடு கொண்டு செல்லுங்கள். வாங்கப்போவதைக் கடையிலேயே கையால் சுழற்றிப் பாருங்கள். விரலால் கடைசிவரை ஓடினால் மட்டுமே அது உங்கள் நட்டு.

போல்ட்டின் தலையையும் பாருங்கள். 8.8 என்று பொறித்திருந்தால், 4.6 என்பதைப் போல ஏறக்குறைய இருமடங்கு இழுவையைத் தாங்கும். அங்குலப் போல்ட்டில் மூன்று கோடுகள் இருந்தால் ஏறத்தாழ அதே தரம். தலையில் ஒன்றுமே இல்லாதவற்றைச் சில்லுக்கும் கலப்பைக் கத்திகளுக்கும் போட வேண்டாம். ஆனால் எல்லா இடத்திலும் கடினமானதே நல்லது என்றும் எண்ணாதீர்கள். சில இயந்திரங்களில் கல்லோ வேரோ சிக்கினால் தான் முறிந்து பெட்டியைக் காப்பாற்றுவதற்கென்றே மென்மையான ஒரு போல்ட் வைத்திருப்பார்கள். "அடிக்கடி முறிகிறதே" என்று அதற்குக் கடினமான போல்ட் போட்டால், முறிவது கியர்ப்பெட்டியாக இருக்கும்.

பெயரிங்கும் பெல்ட்டும் ஒயில் சீலும் இதைவிட எளிது, ஏனெனில் அவற்றின் பெயரை அவையே சொல்கின்றன. பெயரிங்கின் விளிம்பைத் துடைத்துப் பாருங்கள். 6204 என்றிருந்தால் கடைசி 04ஐ ஐந்தால் பெருக்குங்கள்: உள்துளை 20 மி.மீ. 6205 என்றால் 25. (04க்குக் கீழே உள்ள எண்களுக்கு இந்தக் கணக்குச் சரிவராது.) எந்தக் கம்பனியின் 6204ஐ வாங்கினாலும் உள், வெளி, அகலம் மூன்றும் ஒன்றே. வி பெல்ட்டில் ஏ என்ற எழுத்து 13 மி.மீ. அகலத்தையும், பி என்பது 17ஐயும் குறிக்கும். பழக்கத்தில் அடுத்துள்ள எண் அங்குலத்தில் நீளம். சீலில் 25 42 7 என்று மூன்று எண்கள் இருந்தால் அவை உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு. அழிந்துபோகும் முன்னர் இந்த எண்களைக் கொப்பியில் எழுதி வைத்தவர், தம் மகனையே கடைக்கு அனுப்பலாம்.

எதை வாங்கிச் சேர்ப்பது? பணம் குறைவு என்பது தெரியும். எந்தப் பாகம் பழுதானால் இயந்திரம் முழுதாக நிற்குமோ, எது அடிக்கடி தேயுமோ, அதையே முதலில் வாங்குங்கள். நீர்ப்பம்பிக்கு ஒரு பிளக், தொடக்கக் கயிறு, தண்ணீர்ப் பக்கத்துச் சீல், உறிஞ்சு குழாயின் றப்பர் வாசர். லாண்ட்மாஸ்டருக்கு ஒரு பெல்ட், டீசல் வடிகட்டி, கத்திப் போல்ட் ஐந்தாறு. இதற்கு மேல் வாங்கிப் பரணில் போட்டு வைப்பது துருவுக்குத் தீனி.

துருவோ நம் ஊரில் மிகவும் விரைவானது. வாவி உவர்நீர், கடற்காற்று எழுவான்கரையைக் கடந்து வந்து எல்லாவற்றிலும் உப்பைப் பூசுகிறது. இரும்புப் போல்ட்டை அலுமினியத்தில் உலர்வாக முடுக்கிவிட்டால், உப்புநீர் பட்டு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை தலைதான் கையோடு வரும். முடுக்குமுன் மரையில் சிறிது கிறீஸ் பூசுங்கள். சேமிக்கும் நட்டுகளை எண்ணெய்த் துணியில் சுற்றி, இறுக மூடும் பால்மா ரின்னில் வையுங்கள். றப்பர்ச் சீல்களை மட்டும் வேறாக, வெயிலும் பெற்றோலும் படாத இடத்தில் வைக்க வேண்டும். பெயரிங்கைப் பூட்டும் நாள்வரை அதன் கடதாசியைப் பிரிக்கக் கூடாது.

உதவி நிறுவனங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு பல நிறுவனங்கள் நல்ல மனத்தோடு இயந்திரங்கள் தந்தன. ஒரே ஊரில் நான்கு ஐந்து வகைப் பம்பிகள். ஒன்றின் பாகம் மற்றதற்குச் சேராது. அவற்றுள் சில, ஒரேயொரு சீலுக்காக மரத்தடியில் துருப்பிடித்துக் கிடந்ததை நான் கண்டேன். தருபவரிடம் கேட்பதில் வெட்கமில்லை: இதற்கு உதிரிப்பாகம் மட்டக்களப்பில் கிடைக்குமா? பாகங்களின் படப் புத்தகம் உண்டா? முதல் இரண்டு போகத்துக்கான பாகங்களையும் சேர்த்துத் தருவீர்களா? பத்து இயந்திரங்களை வெறுமனே பெறுவதிலும், பாகங்களோடு எட்டைப் பெறுவது மேல் என்பது என் கருத்து.

ஒரே வகை இயந்திரம் வைத்திருக்கும் ஆறேழு குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு பெட்டி போதும். கமக்கார அமைப்புக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். எடுத்தவர் பெயர், பாகம், திகதி ஆகியவற்றைக் கொப்பியில் எழுத வேண்டும். எடுத்தவர் அறுவடைக்குள் அதே பாகத்தை வாங்கி வைக்க வேண்டும். பணமாக வாங்கினால் பணம் வேறு செலவுக்குப் போய்விடும். பெட்டியின் சாவியை ஒரு பெண்ணிடம் கொடுப்பது நல்லது. கழற்றிப் பூட்டும் வேலையையும் பெண்கள் தடையின்றிக் கற்கலாம்.

2024 நவம்பரில் வந்ததுபோல வெள்ளம் ஏறி இயந்திரம் மூழ்கினால், உடனே இழுத்து ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டாம். பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றி, ஒயிலை முழுதாக மாற்றிய பின்பே கயிற்றைத் தொடுங்கள். வீட்டை விட்டுச் செல்ல நேர்ந்து, சிறிது அவகாசம் இருந்தால், பம்பியின் தாங்கியையும் கார்பரேட்டரையும் வெறுமையாக்குங்கள். பிளக் துளைக்குள் இரண்டு கரண்டி ஒயில் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு முறை இழுத்து, இறுக்கம் தெரியும் இடத்தில் நிறுத்திப் பிளக்கைப் பூட்டுங்கள். அந்நிலையில் வால்வுகள் மூடியிருக்கும், ஈரம் உள்ளே போகாது. இயந்திரத்தைத் தூக்கிச் செல்ல முடியாவிட்டாலும், கொப்பியையும் ரின்னையும் அடையாள அட்டை, காணி உறுதி வைத்திருக்கும் பையிலேயே வைத்துக்கொள்ளலாம்.