தனக்கு முன்னால் அழுதவள்

ஆறுதலின் கதை – 11

காதல் முறிந்தவரிடம் நாம் சொல்லும் புத்திமதி ஏன் எடுபடுவதில்லை என்று சென்ற வாரம் பார்த்தோம். "விட்டுத் தள்ளு", "இதைவிட நல்ல இடம் அமையும்", "எல்லாம் காலப்போக்கில் சரியாகிவிடும்" என்று அக்கறையோடுதான் சொல்கிறோம்; எதுவும் உள்ளே இறங்குவதில்லை. அதே ஆள் ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சோகப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டுச் சற்றே தெளிந்த முகத்தோடு வெளியே வருகிறார். அந்தப் பாட்டு அவருக்கு எந்த யோசனையும் சொல்லவில்லை, போனவர் திரும்புவார் என்று நம்பிக்கை தரவும் இல்லை. சொல்லப்போனால் அழத்தான் வைத்தது. அழவைப்பது எப்படி ஆற்றுகிறது? கவலையை மறக்கடிப்பதால் என்பது வழக்கமான பதில். அது பொருந்தாது என்பது என் கட்சி. மறப்பதுதான் நோக்கமென்றால் நகைச்சுவைப் படம் போதுமே, சோகப் பாட்டை ஏன் தேடிப்போக வேண்டும்? தனக்கு முன்னால் இதே இடத்தில் நின்று, நின்றதைச் சொல்லவும் தெரிந்த ஒருவரின் துணையைத்தான் அவர் தேடிப்போகிறார்.

இதற்குச் சான்றாகச் சங்கப் பாடல்களிலிருந்து மூன்று பெண்பாற் புலவர்களை வரிசையாக நிறுத்தலாம். முதலாமவர் ஆதிமந்தியார். குறுந்தொகை 31ஆம் பாட்டு அவருடையது. வீரர்கள் கூடும் விழா, பெண்கள் தழுவி ஆடும் துணங்கை என்று எங்கெங்கோ தேடியும் தலைவனைக் காணாத ஒரு பெண்ணின் குரல் அதில் கேட்கிறது. அவனும் ஆடுகளத்துக்குரியவன், அவளும் அப்படியே. ஆடல்வல்ல ஆட்டனத்தியைக் காவிரி கொண்டுபோக, அவனைத் தேடி அலைந்தவள் என்பது ஆதிமந்தியைப் பற்றிய பழங்கதை. இரண்டாமவர் வெள்ளிவீதியார். அகநானூறு 45இல் அவருடைய தலைவி, ஆதிமந்தியைப் போல நானும் பித்துப்பிடித்துத் திரிய வேண்டியதுதானா என்று புலம்புகிறாள். மூன்றாமவர் ஔவையார். அகநானூறு 147இல் அவருடைய தலைவி, வெள்ளிவீதியைப் போல நானும் கிளம்பிவிடலாம் என்றிருக்கிறேன் என்கிறாள். ஒருத்தியின் துயரம் அடுத்தவளுக்கு அளவுகோலாகிறது. அவளுடையது அதற்கும் அடுத்தவளுக்கு. இரண்டு அகநானூற்றுப் பாட்டிலும் தலைவி பேசுவது பக்கத்திலிருக்கும் தோழியிடம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆறுதல் சொல்ல ஆள் இருக்கிறது. இருந்தும் அவள் கை, தனக்கு முன்னால் அழுதவளின் பெயரைத்தான் பற்றிக்கொள்கிறது. தோழிக்கு அன்பு உண்டு, அந்த அனுபவம் இல்லை.

அனுபவம் மட்டும் போதுமென்றால் அடுத்த வீட்டில் மனம் உடைந்து கிடப்பவரே ஆற்றிவிடுவார். கலை கூடுதலாக ஒன்று செய்கிறது, துயரத்துக்கு உருவமும் எல்லையும் கொடுக்கிறது. வெள்ளிவீதியாரின் குறுந்தொகை 58ஐப் பாருங்கள். வெயில் காயும் பாறை. அதன்மேல் வெண்ணெய். காவலுக்கு இருப்பவனுக்குக் கையும் இல்லை, பேச்சும் இல்லை. வெண்ணெய் உருகிப் பரவுவதைக் கண்ணால் பார்க்கிறான். எடுத்து வைக்கவும் முடியாது, யாரையும் கூப்பிடவும் முடியாது. என் நோயும் இப்படித்தான் பரவுகிறது, உங்களால் முடிந்தால் நிறுத்துங்கள் என்று, தன்னைக் கண்டிக்கும் நண்பர்களிடம் ஒருவன் சொல்கிறான். பாடியவர் பெண், பாட்டில் பேசுபவன் ஆண். வலியைத் தன் வாயிலிருந்து எடுத்து இன்னொருவன் வாயில் வைத்த அந்த நிமிடமே அதற்கும் பாடியவருக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்துவிடுகிறது. அகப்பாடலில் காதலரின் பெயரைச் சொல்லக் கூடாது என்ற மரபும் இந்த வேலையைத்தான் செய்கிறது. ஆளில்லாத அந்த இடத்தில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். நம் துக்கத்துக்குக் கரை தெரிவதில்லை, ஆனால் அந்தப் பாட்டு 6 அடியில் முடிந்துவிடுகிறது. முடிவே இல்லாத ஒன்றுக்கு ஒரு முடிவைப் பார்த்துவிடுவது லேசான காரியமல்ல.

வெள்ளிவீதியார் உண்மையிலேயே கணவனைப் பிரிந்து அலைந்தாரா, ஔவையாரின் குறிப்பைக் கொண்டு பின்னால் கட்டிய கதையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் என் வாதம் அவருடைய வாழ்க்கை வரலாற்றில் நிற்கவில்லை. அவர் அலைந்தாரோ இல்லையோ, அவர் பெயரைச் சொல்லித் தன் நிலையை அளந்துகொள்ள ஔவையாரின் தலைவியால் முடிந்தது. ஆற்றியது வாழ்க்கையா பாட்டா என்றால், பாட்டுதான்.

இசையிலும் இதுவே நடக்கிறது. சோக இசையைக் கேட்பவர்கள் என்ன உணர்கிறார்கள் என்று லீலா தரூஃபி, ஸ்டீஃபன் கோல்ஷ் என்ற இரு ஆய்வாளர்கள் 772 பேரிடம் கேட்டு 2014இல் வெளியிட்டார்கள். அதிகம் பேர் சொன்ன உணர்ச்சி சோகம் அல்ல, பழைய நாட்களை நினைத்து வரும் ஏக்கம். நிஜ வாழ்க்கையின் விளைவுகள் இல்லாமல் சோகத்தை அனுபவிக்க முடிவதும் ஓர் ஆறுதலாகப் பதிவாகியிருக்கிறது. கேள்வித்தாளில் அவரவர் எழுதிய பதில்தான் இது, இதை மருந்துச் சோதனையாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் வெள்ளிவீதியார் ஆண்குரலை எடுத்துக்கொண்டதற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை கவனிக்கத்தக்கது. நம்முடையதாகவும் நம்முடையது இல்லாததாகவும் ஒரே சமயத்தில் இருக்கும் துயரம்தான் தாங்கக்கூடியதாகிறது.

இதற்கு எதிரான வலுவான வாதம் ஒன்று உண்டு. சோகக் கலை புண்ணைக் கிளறிக்கொண்டே இருக்கச் செய்யும், சிலரை அழித்தும் விடும் என்பார்கள். ஜெர்மன் எழுத்தாளர் கதேயின் 'இளம் வெர்தரின் துயரங்கள்' 1774இல் வந்தபோது, இளைஞர்கள் அந்த நாயகனைப் போல நீலக் கோட்டும் மஞ்சள் உள்சட்டையும் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். நாயகனின் முடிவையும் சிலர் பின்பற்றிவிடுவார்கள் என்ற அச்சத்தில் லைப்சிக் நகரம் புத்தகத்துக்குத் தடை போட்டது. நம் பக்கத்தில் தேவதாஸ் இருக்கிறார். சரத்சந்திரரின் நாவல் 1917இல் வந்தது, புகழ்பெற்ற தமிழ்ப் படம் 1953இல். அதன்பின் காதலில் தோற்றவர் தாடி வளர்த்தால் தேவதாஸ் என்று பெயர் வைத்துவிடுகிறோம். இந்த ஆபத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆதிமந்தியை நினைத்தவளும் தேவதாஸைப் பார்த்துத் தாடி வளர்த்தவரும் ஒரே காரியத்தைச் செய்யவில்லை. அவள் ஆதிமந்தியின் துயரத்தால் தன்னுடையதை அளந்து பார்க்கிறாள், கேள்வியாகவே நிறுத்துகிறாள். இவர் அந்த வேஷத்தையே கட்டிக்கொள்கிறார். கதேயே தன் நிறைவேறாத காதலை அந்த நாவலாக எழுதி முடித்ததும் பாரம் இறங்கினாற்போல உணர்ந்ததாகவும், நண்பர்களோ கதையை வாழ்க்கையாக்கப் பார்த்ததாகவும் பின்னாளில் எழுதினார். எழுதியவர் 82 வயதுவரை வாழ்ந்தார். இடைவெளியை வைத்துக்கொண்டவருக்கு அதே கதை மருந்தாகவும், அழித்துவிட்டவருக்கு விஷமாகவும் ஆயிற்று.

ஆகவே, கலை காயத்தை ஆற்றிவிடும் என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் போய்விட்டால், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால், பாட்டை நம்பி உட்கார்ந்திருக்காமல் உடனே மனநல மருத்துவரிடம் போக வேண்டும். மற்றபடி, வீட்டில் ஒரு பிள்ளை சோகப் பாட்டையே கேட்டுக்கொண்டிருந்தால் அதைப் பிடுங்கி நிறுத்தாதீர்கள். அந்தப் பாட்டில் என்ன பிடித்திருக்கிறது என்று கேளுங்கள். தன் கதையைச் சொல்ல வாய் வராதவருக்கும் பாட்டைப் பற்றிப் பேச வரும்.

(தொடரும்)