ஹெவி லைசென்ஸ் எடுத்தா கையில எவ்வளவு நிக்கும்? லாரி டிரைவர் வேலையின் முழு கணக்கு!

சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் திண்டிவனம், விக்கிரவாண்டி, விழுப்புரம் வழியாக இரவு பகல் பாராமல் லாரிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் திண்டிவனத்தில்தான் சாலை பிரிகிறது. அதனால் "ஹெவி எடுத்துடலாமா?" என்ற கேள்வி இந்தப் பக்கத்து இளைஞர்கள் பலருக்கு உண்டு. லைசென்ஸ் வாங்குவது எப்படி, சம்பளம் எப்படி வருகிறது, அடுத்து எங்கே போகலாம்? பார்க்கலாம்.

ஹெவி லைசென்ஸுக்கு என்ன வேணும்?

சரக்கு வண்டி ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். இலகுரக வாகன லைசென்ஸ் வாங்கி ஓராண்டு ஆன பிறகுதான் ஹெவிக்கு எல்எல்ஆர் கிடைக்கும். மருத்துவச் சான்றும் (படிவம் 1ஏ), டிரைவிங் ஸ்கூல் தரும் பயிற்சிச் சான்றும் (படிவம் 5) கட்டாயம். எட்டாம் வகுப்பு பாஸ் என்ற விதி 2019-லேயே நீக்கப்பட்டுவிட்டது. லைசென்ஸ் 5 ஆண்டுகள் செல்லும்.

பயிற்சி எத்தனை நாள்?

விதிப்படி குறைந்தது 30 நாள். அதில் ஸ்டீயரிங் பிடித்து ஓட்டுவது மட்டும் 15 மணி நேரம். மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையம் என்றால் 6 வாரங்களில் 38 மணி நேரம். அங்கே தேறியவர்களுக்கு ஆர்டிஓ டெஸ்ட்டில் இருந்து விலக்கு உண்டு. பணம் கட்டும் முன் "ஹெவி வண்டியில எத்தனை மணி நேரம் ஓட்டவிடுவீங்க?" என்று கேட்டுவிடுங்கள். சான்றிதழ் மட்டும் கையில் இருந்தால், லோடு ஏற்றிய வண்டியை முதல்முறை ரிவர்ஸ் எடுக்கும்போதே குட்டு வெளிப்பட்டுவிடும்.

சம்பளம் எப்படி வருது?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சில இடங்களில் மாதச் சம்பளமும் பேட்டாவும், சில இடங்களில் டிரிப்புக்கு இவ்வளவு என்று மொத்தமாகவும் தருகிறார்கள். பேட்டா என்பது வருமானம் போலத் தெரியும். ஆனா சாப்பாடு, டீ, குளியல் எல்லாம் அதிலிருந்துதான் போகும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு: சம்பளம் 12,000 ரூபாய், பேட்டா நாளுக்கு 500 ரூபாய், மாதத்தில் 24 நாள் ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி 24,000 ரூபாய். வழிச்செலவு நாளுக்கு 300 ரூபாய் என்றால் 7,200 ரூபாய் போய்விடும். வீட்டுக்கு வருவது 16,800 ரூபாய். ஓட்டுவது, லோடு ஏற்றக் காத்திருப்பது என நாளுக்கு 12 மணி நேரம் போனால், ஒரு மணி நேர உழைப்புக்கு 58 ரூபாய்தான்!

8 மணி நேர சட்டம் இல்லையா?

இருக்கு. 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு வைத்தது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அந்தச் சட்டம் இணைக்கப்பட்டாலும், 8 மணி நேரம் என்பது தொடர்கிறது.

சிக்கல் எங்கே? 1961 சட்டம் 5 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களை மனதில் வைத்தே எழுதப்பட்டது. இஎஸ்ஐ-க்கு 10 பேர், பிஎஃப்-க்கு 20 பேர் வேண்டும். இரண்டு வண்டி வைத்திருக்கும் ஓனரிடம் வேலை பார்த்தால் இவை எதுவும் வராது. அப்படிப்பட்டவர்கள் தமிழ்நாடு அரசின் அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்வது நல்லது.

அடுத்து எங்கே போகலாம்?

அபாயகரமான பொருள் ஏற்றும் டேங்கர் ஓட்டத் தனிப் பயிற்சிச் சான்று வேண்டும். தமிழ் போன்ற ஓர் இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். இந்த அனுமதி 3 ஆண்டுகள் செல்லும்.

இன்னொரு வழி அரசு பஸ். 2025 மார்ச்சில் அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு அறிவிக்கப்பட்ட 3,274 ஓட்டுநருடன் நடத்துநர் பணியிடங்களில் விழுப்புரம் கழகத்துக்கு மட்டும் 322. பத்தாம் வகுப்பு, நடத்துநர் லைசென்ஸ் ஆகியவற்றோடு, கனரக வாகனம் ஓட்டிய 18 மாத அனுபவமும் கேட்டார்கள். லாரிக்கு எட்டாவது கூட தேவையில்லை. பஸ்ஸுக்குப் பத்தாவது வேணும். படிப்பைப் பாதியில் விட்டவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

சேரும் முன் என்ன கேட்கணும்?

* பேட்டா தவிர்த்து சம்பளம் எவ்வளவு? வங்கிக் கணக்கில் வருமா?
* லோடுக்காகக் காத்திருக்கும் நாளுக்கும் பேட்டா உண்டா?
* டயர் வெடித்தால், சரக்கு குறைந்தால், ஃபைன் விழுந்தால் யார் பொறுப்பு?
* வண்டி இன்சூரன்ஸில் டிரைவருக்கும் பாதுகாப்பு இருக்கா?
* வேலையை விடும்போது அனுபவச் சான்று தருவீங்களா?

கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. பத்து வருஷம் ஓட்டியிருந்தாலும் எழுத்தில் எதுவும் இல்லை என்றால், அடுத்த வேலைக்குப் போய் நிற்கும்போது அந்த அனுபவம் கணக்கில் வராது.