காப்புக் காடுகளில் அமோனியா வாயுவை அளத்தல்

மாட்டுத் தொழுவத்தில் அதிகாலையில் கண்ணைக் கரிக்கும் நெடியை அறியாத குடியானவர் இல்லை. கோமூத்திரத்திலுள்ள யூரியா, சாணத்தோடு கலந்த சில மணி நேரத்தில் அமோனியா வாயுவாக மாறுகிறது. அவ்வாயுவின் எடையில் 17 பங்குக்கு 14 பங்கு தழைச்சத்தே யாகும். ஆகவே நெடி வீசுமிடத்திலெல்லாம் நிலத்துக்குச் சேர வேண்டிய எரு காற்றோடு போகிறதென்று கொள்ளலாம். போன எரு எங்கே விழுகிறதென்பதே இங்கு விஷயம்.

ஹாலந்து தேசத்தில் கால்நடைகள் மிக நெருக்கம். பண்ணைகளை அடுத்தே சர்க்காரின் காப்பிலுள்ள புதர்க் காடுகளும் சதுப்பு நிலங்களும் உள்ளன. இவை சத்துக் குறைந்த பூமிகள். அங்கு வளரும் ஹெதர்ச் செடி, பாசி, கற்பாசி முதலியன குறைந்த சத்திலேயே வாழப் பழகியவை. வேண்டாத தழைச்சத்து காற்று வழியே வந்தால் புல் மேலோங்கி, பூர்வீகச் செடிகள் அழிந்துபோகின்றன. ஸ்காட்லாந்தில் விம் என்னும் சதுப்பு நிலத்தில் 2002-ஆம் வருஷம் முதல் வேண்டுமென்றே இவ்வாயுவைக் குழாய் வழியே விட்டுப் பரீட்சை செய்தார்கள். குழாய்க்கு அருகிலிருந்த கற்பாசியும் ஹெதரும் சில வருஷங்களுக்குள் மடிந்தன. அதே அளவு தழைச்சத்தை மழைநீரைப் போல் தெளித்த பாத்திகளில் இவ்வளவு சேதமில்லை. வாயு ரூபத்திலேயே தீங்கு அதிகம் என்பது இதனால் விளங்கும்.

தாங்கக்கூடிய அளவோ மிகச் சொற்பம். ஒரு கன மீட்டர் காற்றில், வருஷ சராசரியாக, பாசிகளுக்கு 1 மைக்ரோகிராமும், மற்றச் செடிகளுக்கு 3 மைக்ரோகிராமும் எல்லை. மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இவ்வளவு நுட்பமானதை அளக்கும் கருவியோ விரலளவுள்ள பிளாஸ்டிக் குழல்தான். அதன் ஒரு முனையில் அமிலம் தோய்ந்த சல்லடை உண்டு. மறு முனை வழியே வாயு தானே உட்புகுந்து அமிலத்தில் பிடிபடும். மின்சாரம் வேண்டியதில்லை, பம்பும் வேண்டியதில்லை. காட்டைப் பராமரிப்பவரே மாதம் ஒருமுறை பழைய குழலை மூடி ஆராய்ச்சிசாலைக்கு அனுப்பிவிட்டுப் புதியதைக் கம்பத்தில் பொருத்துகிறார். 2005-ஆம் வருஷம் தொடங்கிய இவ்வேலை பின்னர் 80-க்கு மேற்பட்ட காப்பு நிலங்களுக்குப் பரவியது. குழல் ஒன்றை மட்டும் நம்புவது சரியன்று. காற்றின் வேகமும் உஷ்ணமும் கணக்கைப் பிசகச் செய்யும். ஆதலால் சில நிலையங்களில் விலையுயர்ந்த தானியங்கிக் கருவியின் பக்கத்திலேயே இக்குழலையும் தொங்கவிட்டு, வித்தியாசத்தைக் கண்டு மாதந்தோறும் திருத்துகிறார்கள். ஒரு மாதக் கணக்கைக் கொண்டு தீர்ப்புக் கூறுவதும் தவறு. வசந்த காலத்தில் எரு இடும்போது அளவு ஏறும். மழைக் குளிரில் இறங்கும்.

இதில் குடியானவர்களுக்கு என்ன என்று கேட்கலாம். 2019-ஆம் வருஷம் மே மாதம் அத்தேசத்தின் உயர்ந்த நிர்வாக நீதிமன்றம், காப்பு நிலங்களுக்கருகே தழைச்சத்து வெளிவிடும் தொழில்களுக்கு அநுமதி அளித்துவந்த திட்டம் செல்லாதென்று தீர்ப்பளித்தது. அநேக பண்ணைகளின் விஸ்தரிப்பு நின்றது. அக்டோபரில் குடியானவர்கள் டிராக்டர்களோடு ஹேக் நகரம் சென்று முறையிட்டார்கள். தங்கள்மீது சுமத்தப்படும் அளவு கணக்கில் மட்டும் உள்ளதா, காற்றிலும் உள்ளதா என்பது அவர்களுடைய முக்கியமான கேள்வி. அது நியாயமான கேள்வியே. குழல் அதற்குப் பாதி விடைதான் தரும். காற்றில் எவ்வளவு உண்டென்று அது சொல்லும். யாருடைய தொழுவத்திலிருந்து வந்ததென்று சொல்லாது. நிலத்தில் எவ்வளவு படிந்ததென்பதையும் பெரும்பாலும் கணக்கிட்டே அறிய வேண்டும்.

நெடியைக் குறைக்கும் வழிகளுள் கைக்கெட்டியது, எருக் கரைசலை மேலே வீசாமல் சால் கீறி மண்ணுக்குள் விடுவதாகும். ஹாலந்தில் 1990-க்குப் பின் இது கட்டாயமாக்கப்பட்டது. மூடிய குழிகளும் பிற ஏற்பாடுகளும் சேர்ந்து, வெளியேறும் வாயு பாதிக்கும் கீழே குறைந்தது. மண்ணுக்குள் நின்ற தழைச்சத்து பயிருக்கே உதவுவதால், அந்த அளவுக்கு விலைக்கு வாங்கும் உரத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.