மார்த்தாண்ட வர்மா ஹீரோவா, வில்லனா? வில்லுப்பாட்டு சொல்லும் இன்னொரு கதை

குளச்சல் கடற்கரைக்குப் போனவர்கள் அந்த வெற்றித் தூணைப் பார்த்திருப்பீர்கள். 1741-ல் டச்சுப் படையைத் தோற்கடித்தவர் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா. வரலாற்றுப் புத்தகத்தில் அவர் ஹீரோ. ஆனால் அதே குமரி மாவட்டத்தில் பாடப்படும் 'தம்பிமார் கதை' வில்லுப்பாட்டைக் கேட்டால், மனசு அவருடைய எதிரிகள் பக்கம் சாயும். ஏன்?

என்ன சண்டை?

1729-ல் மன்னர் ராம வர்மா இறந்தார். அவருடைய மகன்கள் பப்புத் தம்பி, ராமன் தம்பி. ஆனால் அரச குடும்பத்தில் மருமக்கள் வழி. அதாவது, பட்டம் மகனுக்கு இல்லை; சகோதரி வழி வாரிசுக்குத்தான். அந்த முறைப்படி மருமகன் மார்த்தாண்ட வர்மா அரியணை ஏறினார். தம்பிகள் எதிர்த்தார்கள். கடைசியில் கொல்லப்பட்டார்கள்.

யார் பக்கம் நியாயம்?

மரபைப் பார்த்தால் மன்னர் பக்கம். 'அப்பாவோடது பிள்ளைக்கு இல்லையா?' என்று கேட்டால் தம்பிகள் பக்கம். சி.வி.ராமன் பிள்ளை 1891-ல் வெளியிட்ட 'மார்த்தாண்டவர்மா' மலையாள நாவலில் தம்பிகள்தான் வில்லன்கள். வில்லுப்பாட்டிலோ, தம்பிகளின் தங்கையை மன்னர் பெண் கேட்கிறார். 'அவள் பிள்ளைக்குப் பட்டம் தருவீர்களா?' என்பது தம்பிகளின் கேள்வி. பகை அங்கிருந்து வளர்கிறது.

நாஞ்சில் நாட்டுக்கு இது ராஜா வீட்டுக் கதை மட்டும் இல்லை. இங்குள்ள வெள்ளாளர் குடும்பங்களிலும் மருமக்கள் வழி இருந்தது. சொந்தப் பிள்ளைகள் படும் பாட்டைக் கவிமணி 'மருமக்கள்வழி மான்மியம்' என்று நையாண்டியாக எழுதினார். 1926-ல் சட்டம் வந்துதான் நிலைமை மாறியது. மகனா, மருமகனா என்ற கேள்வி பாட்டைக் கேட்டவர்களின் வீட்டுக்குள்ளும் இருந்தது.

கிரேக்கத்திலும் இப்படியா?

ஹோமரின் 'இலியட்' கிரேக்கர்களின் காவியம். ஆனால் அது முடிவது எதிரி நாட்டு வீரன் ஹெக்டரின் இறுதிச் சடங்கில். மகனைக் கொன்ற அகிலிஸிடமே போய் உடலைக் கேட்கிறார் கிழவர் பிரயம். இருவரும் சேர்ந்து அழுகிறார்கள்.

அங்கே ஜெயித்த பக்கத்தின் பாட்டு, தோற்றவனுக்காக அழுகிறது. இங்கே தோற்றவர்களுக்கென்றே தனிப் பாட்டு. பட்டத்துக்கு உரிமை மன்னருக்கு இருந்திருக்கலாம். அதற்காகக் கொலையும் நியாயமாகிவிடுமா? இந்தக் கேள்வியைத்தான் தம்பிமார் கதை கேட்பவரிடம் விட்டுப் போகிறது.