கொரியனும் த்வோராக்கும் ஒரே கீபோர்டில்!

ஆங்கிலத்திற்கு த்வோராக் கீபோர்டு அமைப்பைப் பழகியவரா நீங்கள்? கொரியனும் டைப் செய்ய வேண்டுமா? இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் வைத்துக் கொள்ளலாம்.

1936ல் காப்புரிமை பெற்ற த்வோராக், ஆங்கில எழுத்துகளின் இடத்தை மாற்றுகிறது. கொரியனின் 'துபோல்ஷிக்' அமைப்பு தனி. அதில் மெய்யெழுத்துகள் இடது பக்கமும் உயிரெழுத்துகள் பெரும்பாலும் வலது பக்கமும் இருக்கும். வழக்கமான கீபோர்டில் ஜி, கே, எஸ் கீகளை அழுத்தினால் மூன்றும் இணைந்து 'ஹன்' என்ற ஒரே எழுத்தாகும்.

சிக்கல் எங்கே? கொரியன் ஐ.எம்.இ.க்கு உள்ளேயே ஆங்கிலத்திற்கு மாறினால் த்வோராக் வராது, குவெர்ட்டிதான் வரும். எனவே விண்டோஸ் 11ல் இப்படிச் செய்யவும்.

1. செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ், லாங்குவேஜ் அண்ட் ரீஜன் சென்று கொரியனைச் சேர்க்கவும்.

2. அமெரிக்க ஆங்கிலத்தின் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸில் 'யுனைடெட் ஸ்டேட்ஸ்-த்வோராக்' கீபோர்டைச் சேர்க்கவும்.

3. விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தி மொழி மாறவும். கொரியனில் டாஸ்க் பாரில் 'ஏ' தெரிந்தால், அதில் கிளிக் செய்து கொரியன் எழுத்துக்கு மாற்றவும்.

கவனம்! பாஸ்வேர்டு தரும் முன் எந்த கீபோர்டு இயங்குகிறது என்று பாருங்கள். இல்லையெனில் சரியான பாஸ்வேர்டும் தவறாகிவிடும். காப்பி செய்யும்போதும் கவனிக்கவும். த்வோராக்கில் 'சி' இருப்பது வழக்கமான 'ஐ' கீயில்!